விபத்தில் சிக்கிய குழந்தைக்கு இழப்பீடு: பணம் யார் கைக்கு வரும்? 18 வயது வரை எங்கே இருக்கும்?

குஜராத்தில் 2012-ல் நடந்த சாலை விபத்தில் படுகாயமடைந்த 8 வயது சிறுவனுக்கு, 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 35.90 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. அதற்கு முன் உயர் நீதிமன்றம் கொடுத்திருந்தது 8.65 லட்சம்தான். இப்படி ஒரு செய்தி வரும்போது தொகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். "அந்தப் பணம் இப்போ யார் கையில போகும்?" என்ற கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு.

அப்பா, அம்மா கைக்குத்தான் வரும் என்றே பலரும் நினைக்கிறார்கள். தீர்ப்பு வந்த அன்று நீதிமன்ற வாசலில் பெரும்பாலான பெற்றோருக்குக் கிடைக்கும் முதல் அதிர்ச்சியே இதுதான். இழப்பீடு குழந்தையின் பெயரில் வழங்கப்படுகிறது. அதில் பெரும்பகுதி வங்கியில் டெபாசிட்டாகப் போய்விடும். நீதிமன்றம் அனுமதிக்காமல் அசலில் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. "எங்க புள்ளைக்கு வந்த காசை நாங்களே எடுக்க முடியாதா?" என்று கேட்டால், முடியாது என்பதுதான் பதில். ஆனால் வழியே இல்லை என்று அர்த்தமில்லை. அந்த வழி என்ன என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

வழக்குப் போடுவது யார்?

சாலை விபத்து இழப்பீட்டுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 166-ன் கீழ் மனு செய்ய வேண்டும். மனு போவது மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு. தனிக் கட்டடம், தனிப் பெயர்ப்பலகை என்றெல்லாம் தேட வேண்டாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றத்திலும், மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றம், சார்பு நீதிமன்றங்களிலும் இந்த வழக்குகள் நடக்கின்றன.

18 வயது நிரம்பாதவர் தானாக வழக்குப் போட முடியாது. அவர் சார்பில் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ மனு செய்ய வேண்டும். சட்டம் இவரைக் காப்பாளர் அல்லது அடுத்த நண்பர் என்கிறது. கோர்ட் வட்டாரத்தில் 'கார்டியன்' என்றால்தான் எல்லோருக்கும் புரியும். அப்பாதான் கார்டியனாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அம்மாவும் இருக்கலாம். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகனுக்காக ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது தந்தையின் கையெழுத்து கேட்கப்பட்டதில் தொடங்கிய வழக்கில், தாயும் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் விளக்கம் சொல்லிவிட்டது. பெற்றோர் இருவருமே இல்லாத குழந்தைக்குத் தாத்தா, பாட்டி, சித்தப்பா, மாமா என யாராவது ஒருவர் முன்வரலாம். ஒரே நிபந்தனைதான். அவருடைய நலனும் குழந்தையின் நலனும் மோதக் கூடாது. அதே விபத்தில் வண்டியை ஓட்டி வந்தவரே கார்டியனாக வந்து நின்றால், எதிர்த்தரப்பு கேள்வி கேட்கத்தான் செய்யும்.

காலக்கெடுவும் முக்கியம். 2019 சட்டத்திருத்தத்தில் கொண்டுவரப்பட்டு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அதை நம்பித் தள்ளிப்போடுவது சரியான முடிவல்ல. "புள்ள முதல்ல தேறட்டும், கேஸ் அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒரு வருடம் காத்திருக்கும் குடும்பங்கள் தேவையில்லாத சிக்கலில் மாட்டிக்கொள்கின்றன.

வருமானமே இல்லாத குழந்தைக்குக் கணக்கு எப்படி?

பெரியவர் என்றால் சம்பளச் சீட்டு இருக்கும். இரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு என்ன வருமானத்தைக் காட்டுவது? பல ஆண்டுகளாக இதில்தான் குழந்தைகள் நஷ்டப்பட்டார்கள். வருமானமே இல்லாதவர் என்று வைத்து, ஏதோ ஒரு சிறு தொகையைப் போட்டுக் கணக்கை முடித்துவிடும் பழக்கம் இருந்தது.

2013-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், மருத்துவச் செலவு, கவனிப்புச் செலவு போன்றவை போக, ஊனத்தின் சதவீதத்தை வைத்துக் குழந்தைகளுக்கு ஓர் அளவுகோல் சொன்னது. நிரந்தர ஊனம் 10 சதவீதம் வரை என்றால் 1 லட்சம், 30 வரை 3 லட்சம், 60 வரை 4 லட்சம், 90 வரை 5 லட்சம், அதற்கு மேல் 6 லட்சம். அப்போது அது முன்னேற்றமாகத்தான் பார்க்கப்பட்டது. ஆனால் வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் இருக்கப்போகும் பிள்ளைக்கு 6 லட்சம் எந்த மூலைக்கு?

2020-ல் வந்த தீர்ப்பு நிலைமையை மாற்றியது. ஹரியானாவில் 2007-ல் நடந்த விபத்தில் 12 வயதுச் சிறுமி ஒருவர் மூளையில் கடும் பாதிப்புக்கு ஆளாகி, முழுக்க முழுக்க மற்றவரைச் சார்ந்து வாழும் நிலைக்குப் போனார். அவர் வளர்ந்திருந்தால் குறைந்தபட்சம் ஒரு திறன்பெற்ற தொழிலாளியின் கூலியாவது சம்பாதித்திருப்பார் என்று வைத்து உச்ச நீதிமன்றம் கணக்குப் போட்டது. கவனித்துக்கொள்ள இரண்டு உதவியாளர்கள், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், ஆண்டுக்கு 1.20 லட்சம், அதை 18-ஆல் பெருக்கி 21.60 லட்சம் என அதற்கு மட்டும் தனித் தொகை கொடுத்தது. மொத்தத்தில் 25.78 லட்சமாக இருந்த இழப்பீடு 62.27 லட்சமானது. வருமானத்தைத் திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியாக எடுக்க வேண்டும் என்ற இதே அணுகுமுறையைத்தான் மேலே சொன்ன 2025 குஜராத் தீர்ப்பு மீண்டும் உறுதி செய்தது. தீர்ப்பின் நகலை எல்லாத் தீர்ப்பாயங்களுக்கும் போகும்படி அனுப்பவும் உத்தரவிட்டது.

தொகை பெரிதாக ஆக, அதை யார் பாதுகாப்பது என்ற கேள்வியும் பெரிதாகிறது.

டெபாசிட் விதி எங்கிருந்து வந்தது?

1982-ல் குஜராத் உயர் நீதிமன்றம் இழப்பீட்டுப் பணத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று சில நெறிமுறைகளை வகுத்தது. இழப்பீடு வாங்கிய ஏழைக் குடும்பங்கள், கையில் காசு வந்த சில மாதங்களிலேயே அதை இழந்துவிடுவதைத் தடுப்பதுதான் நோக்கம். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றம் அந்த நெறிமுறைகளை நாடு முழுவதற்குமாக எடுத்துக்கொண்டது. இன்றும் தமிழ்நாட்டில் எந்தத் தீர்ப்பாயத்தில் மைனருக்கு இழப்பீடு வழங்கினாலும், உத்தரவின் கடைசிப் பத்தியில் இருப்பது அந்த நெறிமுறையின் சாரம்தான்.

அது சொல்வது இதுதான். மைனருக்கான தொகையைக் குறைந்தபட்சம் 18 வயது வரை நீண்டகால வைப்பில் போட வேண்டும். அந்த வைப்பின் பேரில் வங்கி கடனோ முன்பணமோ தரக் கூடாது. வட்டியை மட்டும் கார்டியனிடம் நேரடியாகக் கொடுக்க வேண்டும். கார்டியன் ஏற்கெனவே செய்த செலவை எடுத்துக்கொள்ள விடலாம். மேற்கொண்டு சிகிச்சை தேவை என்று தீர்ப்பாயம் திருப்தி அடைந்தால், காரணத்தை எழுதிவைத்துத் தேவையான அளவு பணத்தை விடுவிக்கலாம்.

இன்னொன்றும் அதில் இருக்கிறது, பலர் கவனிக்காமல் விட்டுவிடுவது. தொகை பெரிதாக இருந்தால் அதை ஒரே ரசீதாகப் போடாமல் பல ரசீதுகளாகப் பிரித்துப் போடலாம். 12 லட்சத்தை ஒரே டெபாசிட்டாகப் போட்டுவிட்டு, இரண்டு வருடம் கழித்து ஆபரேஷனுக்கு 1.5 லட்சம் வேண்டும் என்றால், மொத்த டெபாசிட்டையும் உடைத்தாக வேண்டும். வட்டியிலும் அடி விழும். இரண்டு லட்சம் வீதம் ஆறு ரசீதுகளாக இருந்தால் ஒன்றை மட்டும் உடைத்தால் போதும். உத்தரவு எழுதப்படும் நேரத்திலேயே வழக்கறிஞர் மூலம் இதைக் கேட்டுவிடுவது நல்லது. பின்னால் மாற்றுவதற்கு இன்னொரு மனு, இன்னும் சில மாதங்கள்.

இந்த நெறிமுறைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி பிரயோகிக்கக் கூடாது என்றும் 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பாயங்களைக் கண்டித்திருக்கிறது. படித்த, விவரம் தெரிந்த பெரியவர்களின் பணத்தையும் இயந்திரத்தனமாக முடக்கிவைப்பதைத்தான் அந்தத் தீர்ப்பு விமர்சித்தது. மைனர் விஷயத்தில் பாதுகாப்பு தளரவில்லை.

கையில் வருவது எவ்வளவு?

ஓர் உதாரணம். ஏழு வயதுக் குழந்தைக்கு மொத்தம் 14 லட்சம் இழப்பீடு என்று வைத்துக்கொள்வோம். அதில் பெற்றோர் ஏற்கெனவே கட்டிய மருத்துவமனை பில், மருந்து, ஆம்புலன்ஸ், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 3 லட்சம் என்று தீர்ப்பாயம் ஏற்றிருந்தால், அந்தத் தொகை பெற்றோர் கைக்கு வர வாய்ப்பு அதிகம். அது அவர்கள் கைக்காசிலோ கடன் வாங்கியோ செய்த செலவு. மீதி வலி, வேதனை, எதிர்கால வருமான இழப்பு, திருமண வாய்ப்பு இழப்பு, எதிர்காலச் சிகிச்சை என்ற தலைப்புகளில் வந்தது. அது பிள்ளையின் பணம், டெபாசிட்டுக்குப் போகும்.

அதனால்தான் பில்களைப் பத்திரமாக வைத்திருப்பது இரண்டு வகையில் முக்கியம். பில் இருந்தால் இழப்பீடு கூடும், உடனே கைக்கு வரும் பங்கும் கூடும். மருந்துக்கடையில் வாங்கிய துண்டுச்சீட்டைக்கூடத் தூக்கிப் போடக் கூடாது.

மனுச் செய்த நாளிலிருந்து தொகைக்கு வட்டியும் உண்டு. 7.5 சதவீதம் என்பது பல தீர்ப்புகளில் பார்க்கக்கூடிய விகிதம். வழக்கு ஐந்தாறு வருடம் இழுத்தால் இந்த வட்டியே கணிசமான தொகை. அதுவும் குழந்தையின் பணம்தான்.

வக்கீல் பீஸ் விஷயத்திலும் ஒரு தெளிவு வேண்டும். "வர்ற தொகையில இத்தனை பர்சென்ட் எனக்கு" என்று பேசி வழக்கை எடுப்பது இந்திய பார் கவுன்சில் விதிப்படி தடை செய்யப்பட்டது. பீஸை முன்கூட்டியே ஒரு தொகையாகப் பேசி முடித்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையின் டெபாசிட்டிலிருந்து பங்கு கொடுக்க யாரும் கடமைப்பட்டவர்கள் இல்லை.

வட்டி வாங்குவது எப்படி?

தமிழ்நாட்டுத் தீர்ப்பாய உத்தரவுகளில் அடிக்கடி வரும் வாசகம் இப்படி இருக்கும்: மைனரின் தொகை தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் மேஜர் ஆகும் வரை வைக்கப்பட வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைக் கார்டியன் நேரடியாக வங்கியில் பெற்றுக்கொள்ளலாம். இதற்கு ஒவ்வொரு முறையும் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை.

10 லட்சம் டெபாசிட், வட்டி 7 சதவீதம் என்றால் மூன்று மாதத்துக்கு 17,500 ரூபாய் வரும். பிசியோதெரபி, பள்ளிக் கட்டணம், ஊட்டச்சத்து என்று செலவு இருக்கும் வீட்டுக்கு இது பெரிய உதவி. ஆனால் வட்டியை எடுக்க எடுக்க அசல் அதே 10 லட்சமாகவே நிற்கும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 13 வருடம் கழித்து அந்த 10 லட்சத்தின் மதிப்பு இன்றைய கணக்கில் ஏறக்குறைய 4.70 லட்சம்தான். வட்டியைத் தொடாமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால், அதே 13 வருடத்தில் 24 லட்சம் ஆகும்.

எது சரி? குடும்பத்தின் நிலைமையைப் பொறுத்தது. சிகிச்சை முடிந்து, பிள்ளை பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டால், வட்டியை அசலோடு சேரும்படி மாற்றக் கேட்பது லாபம். தொடர் சிகிச்சை தேவைப்படும் பிள்ளைக்கு, வட்டியை எடுத்துச் செலவழிப்பதுதான் அந்தப் பணத்தின் நோக்கமே. இரண்டையும் கலந்தும் செய்யலாம். பாதி டெபாசிட்டுக்கு வட்டி கையில், மீதிப் பாதிக்கு வட்டி அசலோடு.

அவசரத்துக்கு அசல் வேண்டுமென்றால்?

தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். பணத்தை வெளியே எடுக்கப் போடும் மனுவைக் கோர்ட்டில் 'செக் பெட்டிஷன்' என்று சொல்வார்கள். இன்று செக் கொடுப்பது குறைந்துவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. கார்டியனின் உறுதிமொழிப் பத்திரம், டாக்டர் எழுதிய பரிந்துரை, மருத்துவமனை கொடுத்த செலவு மதிப்பீடு, டெபாசிட் ரசீதின் நகல், முந்தைய பில்கள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். மருத்துவமனைக் கணக்குக்கே நேரடியாகப் பணம் போகட்டும் என்று மனுவில் கேட்டால் நீதிபதிக்குச் சந்தேகம் குறையும்.

எதற்குக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதை ஒரே கேள்வியில் அடக்கலாம். இந்தச் செலவு இந்தப் பிள்ளைக்கா? அறுவை சிகிச்சை, சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, படிப்புச் செலவு ஆகியவற்றுக்குக் காரணம் காட்டலாம். செயற்கைக் கால் பொருத்திய குழந்தைக்கு இது தொடர்கதை. குழந்தை வளர வளர பழைய கால் அளவு பத்தாது, மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே 'ஒரு தடவைதான் வாங்கியாச்சே' என்று யாராவது கேட்டால், டாக்டரின் கடிதத்தில் இந்த விவரம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அக்கா கல்யாணம், அப்பாவின் கடன், ஆட்டோ வாங்குவது போன்றவை நியாயமான தேவைகளாக இருக்கலாம், ஆனால் அவை பிள்ளையின் தேவை இல்லை. பிள்ளை பெயரில் வீட்டுமனை வாங்குகிறோம் என்று கேட்பவர்களும் உண்டு. அனுமதி கிடைத்தாலும், பின்னால் விற்க வேண்டி வந்தால் மைனர் சொத்து என்பதால் மறுபடியும் நீதிமன்ற அனுமதி தேவைப்படும். இதை யோசித்துத்தான் இறங்க வேண்டும்.

சமரசம் பேசினால்?

இன்சூரன்ஸ் நிறுவனம் "கோர்ட்டுக்கு வெளியில முடிச்சுக்கலாம், உடனே காசு" என்று வருவது சகஜம். மக்கள் நீதிமன்றத்தில் ஒரே நாளில் வழக்கை முடிக்கும் வாய்ப்பும் உண்டு. பெரியவர்கள் வழக்கில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. மைனர் வழக்கில் அப்படி முடியாது.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 32-வது ஆணையில் இதற்கென்றே இரண்டு விதிகள் இருக்கின்றன. விதி 6, நீதிமன்ற அனுமதி இல்லாமல் மைனர் சார்பில் கார்டியன் பணம் பெறக் கூடாது என்கிறது. விதி 7, அனுமதி இல்லாமல் மைனர் சார்பில் சமரசம் செய்யக் கூடாது என்கிறது. அனுமதி கேட்கும்போது, இந்தச் சமரசம் மைனரின் நலனுக்கானது என்று கார்டியன் உறுதிமொழி கொடுக்க வேண்டும். இதை மீறிச் செய்த சமரசத்தை மைனர் தரப்பு செல்லாததாக்க முடியும், எதிர்த்தரப்பால் முடியாது.

அவசரப்பட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மக்கள் நீதிமன்றத் தீர்வை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது. தலையில் அடிபட்ட ஆறு வயதுக் குழந்தைக்குப் படிப்பில், பேச்சில், நினைவாற்றலில் என்ன பாதிப்பு என்பது சில வருடம் கழித்துத்தான் முழுதாகத் தெரியும். மருத்துவக் குழுவின் ஊனச் சான்று கைக்கு வருவதற்கு முன்பே தொகையைப் பேசி முடிப்பது, விலை தெரியாமல் விற்பது போலத்தான்.

பணம் எந்தக் கணக்குக்கு வரும்?

முன்பெல்லாம் இன்சூரன்ஸ் நிறுவனம் கோர்ட்டில் பணம் கட்டும், கோர்ட் செக் போடும், இடையில் தரகர்கள் நுழைவார்கள். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இழப்பீட்டுத் தொகையை உரியவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக மாற்றும் நடைமுறையைப் பின்பற்றச் சொன்னது. அடுத்த மாதமே இன்னொரு உத்தரவு. பல மாநிலங்களில் தீர்ப்பாயங்களில் கட்டப்பட்ட கோடிக்கணக்கான ரூபாய் கேட்பாரற்றுக் கிடப்பதைக் கண்டு, மனுவிலேயே ஆதார், பான், வங்கிக் கணக்கு, முகவரி விவரங்களை வாங்கச் சொன்னது. ஆக, குழந்தையின் பெயரில் கார்டியனோடு சேர்ந்த ஒரு சேமிப்புக் கணக்கும், குழந்தைக்குப் பான் எண்ணும் முன்கூட்டியே இருந்தால் வேலை சுலபம்.

சாதாரண டெபாசிட் தவிர, விபத்து இழப்பீட்டுக்கென்றே 'மேக்ட்' சேமிப்புக் கணக்கும், 'மேக்அட்' என்ற மாதாந்திரத் தொகை வைப்புத் திட்டமும் வங்கிகளில் உண்டு. டெல்லி உயர் நீதிமன்றத்தின் முயற்சியில் வந்தது இது. 36 மாதம் முதல் 120 மாதம் வரை, அசலில் ஒரு பகுதியும் வட்டியும் சேர்ந்து மாதாமாதம் கணக்குக்கு வரும். இதன் பேரில் கடன் கிடையாது, கோர்ட் உத்தரவில்லாமல் இடையில் மூட முடியாது. நாடு முழுவதும் இதைக் கொண்டுவர வேண்டும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அசல் மாதாமாதம் கரையும் என்பதால் சின்னக் குழந்தைக்கு முழுத் தொகையையும் இதில் போடுவது பொருத்தமில்லை. 18 வயது ஆனவருக்கு, மொத்தமாகக் கையில் வாங்கப் பயம் என்றால், இது உதவும்.

டெபாசிட் முதிர்ந்தும் யாரும் கவனிக்காவிட்டால்?

இங்கேதான் சத்தமில்லாமல் நஷ்டம் நடக்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு 11 வருட டெபாசிட் வேண்டும். வங்கிகளில் பெரும்பாலும் 10 வருடம்தான் அதிகபட்சம். நடைமுறையில் மூன்று வருடம், ஐந்து வருடம் என்று போட்டுப் புதுப்பிப்பார்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதி கொடுக்கப்படாத டெபாசிட் முதிர்ந்த பிறகு அப்படியே கிடந்தால், ரிசர்வ் வங்கியின் 2021 விதிப்படி சேமிப்புக் கணக்கு வட்டி அல்லது ஒப்பந்த வட்டி, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். 7 சதவீதம் வரவேண்டிய இடத்தில் பாதிகூட வராது. பத்து வருடம் யாரும் கேட்காமல் கிடந்தால் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். பணம் தொலைந்துவிடாது, வங்கி மூலம் திரும்பக் கேட்கலாம். கேட்பாரற்ற டெபாசிட்டுகளைத் தேட 'உட்கம்' என்ற ரிசர்வ் வங்கி இணையதளமும் இருக்கிறது. ஆனால் அந்த நிலைக்கு விடுவானேன்? டெபாசிட் ரசீதின் நகலில் முதிர்வுத் தேதியைப் பார்த்துக் காலண்டரில் குறித்துவைத்தால் வேலை முடிந்தது.

வருமான வரி விஷயம் சுருக்கமாக. இழப்பீட்டு அசல் வருமானம் ஆகாது. டெபாசிட் வட்டி வருமானம்தான். பொதுவாக மைனரின் வட்டி வருமானம், பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் கணக்கில் சேரும். ஆனால் சட்டம் வரையறுத்த ஊனம் உள்ள குழந்தைக்கு விதிவிலக்கு உண்டு. அந்த வருமானம் குழந்தையின் பெயரிலேயே தனியாகக் கணக்கிடப்படும். அரசு ஊனச் சான்றிதழ் இங்கேயும் கைகொடுக்கும்.

18 வயது ஆனதும் தானாக வருமா?

வராது. பிறந்தநாளுக்கு மறுநாள் வங்கிக்குப் போய் நின்றால், "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றுதான் சொல்வார்கள். தன்னை மேஜராக அறிவித்து, கார்டியனை விடுவிக்கக் கோரி அந்த இளைஞரே தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், பான், சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். அதற்குப் பிறகு பணத்தை விடுவிக்க மனு. வழக்கு எண், தீர்ப்பு நகல், எந்த வங்கியின் எந்தக் கிளை என்ற விவரமெல்லாம் பத்து வருடப் பழைய பையில் எங்கோ இருக்கும். அதைத் தேடி எடுப்பதுதான் பல வீடுகளில் பெரிய வேலை.

கோர்ட் கார்டியன் நியமித்த பிள்ளைக்கு 21 வயது ஆக வேண்டும் என்று இன்னும் சிலர் சொல்வதுண்டு. அந்த விதி 1999-லேயே நீக்கப்பட்டுவிட்டது. எல்லோருக்கும் 18தான்.

இடையில் கார்டியன் இறந்துவிட்டால் வேறொருவரை நியமிக்க மனு தேவை. பெற்றோர் பிரிந்துவிட்டால், பிள்ளை யாருடைய பராமரிப்பில் இருக்கிறதோ அவர் வட்டி தன் கணக்குக்கு வரும்படி உத்தரவைத் திருத்தக் கேட்கலாம்.

வயது 18 ஆகியும், மூளைப் பாதிப்பால் சொந்தமாக முடிவெடுக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளின் நிலை வேறு. அவர்கள் சட்டப்படி மேஜர்தான், ஆனால் பெற்றோரின் கார்டியன் அதிகாரம் 18-ஓடு முடிந்துவிடும். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனம் கேட்கலாம். கோமா போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு உயர் நீதிமன்றத்தை அணுக வேண்டியிருக்கும். இந்த உத்தரவு கையில் இருந்தால்தான் தீர்ப்பாயமும் வங்கியும் டெபாசிட்டைத் தொடர்ந்து கையாள அனுமதிக்கும். பிள்ளைக்கு 17 வயது நடக்கும்போதே விண்ணப்ப வேலையைத் தொடங்கிவிட்டால், பிறந்தநாளுக்குப் பிறகு வட்டி நிற்காமல் வந்துகொண்டிருக்கும்.